சம்பள நாளும் சீசன் டிக்கெட்டும்: ஒரு கால்பந்து கிளப்பின் கணக்கறையிலிருந்து

கால்பந்து கிளப் ஒன்றில் பணம் முடைப்படுவது முதலில் சம்பள நாளில் தெரியும். மாதத்தின் கடைசி வேலைநாளில் வங்கிக் கணக்கில் விழவேண்டிய பணம் இரண்டு நாள் தள்ளி விழும். வங்கியில் ஏதோ கோளாறு என்று காரணம் சொல்லப்படும். அடுத்த மாதம் நான்கு நாள் தள்ளும். ஆட்டக்காரர்கள் தங்கள் ஏஜெண்டுகளிடம் பேசுவார்கள், ஏஜெண்டுகள் பத்திரிகையாளர்களிடம் பேசுவார்கள், மூன்றாம் மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். கணக்கறையில் இருப்பவர்களுக்கோ இது ஆறு மாதம் முன்பே தெரிந்திருக்கும். வரித் துறைக்குக் கட்டவேண்டிய தொகை கட்டப்படாமல் நிற்பதுதான் அவர்கள் காணும் முதல் அறிகுறி. ஆட்டக்காரரின் சம்பளத்தில் பிடித்த வருமான வரி கிளப்பின் பணமே இல்லை. அரசுக்குச் சேரவேண்டியதைக் கிளப் கையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் தட்டுப்பாடு வந்தால் முதலில் கைவைக்கப்படுவது அந்தப் பணத்தில்தான். வரித் துறை அடுத்த நாளே கதவைத் தட்டாது, ஆட்டக்காரர் தட்டுவார்.

இங்கிலாந்தின் கிளப் ஒன்றுக்கு மூன்று வழியாகப் பணம் வருகிறது: டிக்கெட், விளம்பரமும் விற்பனையும், தொலைக்காட்சி உரிமை. மூன்றும் ஒரே சீராக வருவதில்லை. தொலைக்காட்சிப் பணம் தவணை தவணையாக வரும். சீசன் டிக்கெட் பணம் ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் மொத்தமாக வரும். சம்பளம் மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டே இருக்கும். கோடைக்காலத்தில் ஆட்டமும் கிடையாது, அரங்க வாசலில் வசூலும் கிடையாது. அந்த மாதங்களின் சம்பளத்தைப் பெரும்பாலான சிறிய கிளப்புகள் ரசிகர் கட்டிய சீசன் டிக்கெட் பணத்திலிருந்தே கொடுக்கின்றன.

சீசன் டிக்கெட் பணம் கைக்கு வந்த அன்றே வருமானம் ஆகிவிடாது. ஐந்தொகையில் அது பொறுப்புகள் பக்கத்தில், முன்கூட்டிப் பெற்ற வருமானமாக உட்கார்ந்திருக்கும். பிரீமியர் லீக்கில் 19 உள்ளூர் ஆட்டங்கள், அதற்குக் கீழ் உள்ள மூன்று லீக்குகளில் 23. ஒவ்வோர் ஆட்டம் முடியும்போதும் அதற்குரிய பங்கு வருமானத்துக்கு நகரும். எனவே ஜூன் மாதத்தில் அந்தப் பணத்தைச் செலவு செய்யும் கிளப், இன்னும் ஆடாத ஆட்டங்களுக்காக ரசிகரிடம் கடன் வாங்கியிருக்கிறது. அந்த ரசிகர் கிளப்புக்கு வட்டியில்லாமல், ஈடு எதுவும் கேட்காமல் கடன் கொடுத்திருக்கிறார். தான் கடன் கொடுத்தவர் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

தெரியும் காலமும் வரும். கிளப்பைப் பற்றிக் கெட்ட செய்தி பரவிய ஆண்டின் கோடையில் டிக்கெட் ஜன்னலில் நிற்பவர்கள் இருக்கை எண்ணைப் பற்றிக் கேட்பதைவிட, இந்தத் தடவை ஆட்டம் நடக்குமா என்றுதான் அதிகம் கேட்பார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பெண்ணுக்கும் அந்த மாதச் சம்பளம் வரவில்லை என்றால் அவர் என்ன பதில் சொல்வார்? விவரம் தெரிந்த ரசிகர்கள் கிரெடிட் கார்டில் கட்டுவார்கள். 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளோ சேவையோ கிடைக்காமல் போனால் கார்டு கொடுத்த வங்கியிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இதை அறிந்தே, தள்ளாடும் கிளப்பின் கார்டு வசூலை அதைக் கையாளும் நிறுவனம் உடனே கொடுக்காமல், ஆட்டங்கள் முடிய முடியக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பணம் அதிகம் தேவைப்படும் மாதத்தில் கிளப்பின் கைக்கு அது வராமல் போவது இப்படித்தான்.

செலவுப் பக்கத்தில் பேச வேண்டியது ஏறக்குறைய ஒன்றே ஒன்று, சம்பளம். ஆட்டக்காரரை வாங்கும் விலை வேறு மாதிரிக் கணக்கில் ஏறும். ஒருவரை 1.2 கோடி பவுண்டுக்கு நான்காண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், அந்த விலை ஆண்டுக்கு 30 லட்சமாக நான்கு ஆண்டுகளுக்குச் செலவாகக் கழிக்கப்படும். ரொக்கமும் தவணையாகப் போகும். ஆனால் அவரை விற்றால் வரும் லாபம் முழுவதும் அந்த ஆண்டின் கணக்கிலேயே விழும். பள்ளம் விழுந்த ஆண்டில் கிளப் நல்ல ஆட்டக்காரரை விற்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். விற்ற பணம் வந்து சேருவதற்குள், அவருக்கு முன்பு வாங்கியவர்களின் தவணைகள் வாசலில் நிற்கும்.

இவை எல்லாம் ஒரே கிளப்பில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததைப் பார்க்க வேண்டுமானால் போர்ட்ஸ்மத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் தென்கரையில் கடற்படைத் துறைமுக ஊர் அது. 1898-ல் தொடங்கிய கிளப், அடுத்த ஆண்டிலிருந்து ஃபிராட்டன் பார்க்கில் ஆடுகிறது. 1949, 1950 இரண்டு ஆண்டும் லீக் சாம்பியன். 1939-ல் வென்ற எஃப்.ஏ. கோப்பையை, உலகப்போரால் போட்டி நின்றுபோனதால் 1946 வரை தன்னிடமே வைத்திருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது பாம்பி. ஊரின் கில்டு ஹால் கடிகார மணியோசையின் மெட்டில் அவர்கள் அரங்கத்தில் பாடும் பாட்டு நூறாண்டுக்கும் மேல் பழையது.

2006-ல் அலெக்சாண்டர் கைதமாக் உரிமையாளரான பிறகு பெரிய பெயர்கள் வந்து சேர்ந்தன. 2008 மே 17 அன்று வெம்பிளியில் கார்டிஃப் சிட்டியை 1-0 என்று வென்று கிளப் மீண்டும் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. கோல் அடித்தவர் கானு. அதே ஆண்டு நவம்பரில் ஏ.சி. மிலான் ஃபிராட்டன் பார்க்குக்கே வந்து 2-2 என்று சமன் செய்துவிட்டுப் போனது. ரசிகர்களின் வாழ்நாளில் அதைவிடப் பெரிய இரவு கிடையாது. கணக்குப் புத்தகத்தில் அதே காலம் வேறு மாதிரி இருந்தது. கோப்பை வென்ற அந்த ஆண்டில் கிளப்பின் மொத்த வருமானம் ஏறக்குறைய 7 கோடி பவுண்ட், சம்பளம் ஏறக்குறைய 5.5 கோடி. நூறு ரூபாய் வரவில் எண்பது ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகச் சம்பளத்துக்கே போனது. மிச்சத்தில் ஆட்டக்காரர் தவணை, வட்டி, வரி, பயணம், மின்சாரம் அனைத்தும் நடக்க வேண்டும். அரங்கமோ இருபதாயிரம் பேர்தான் கொள்ளும். போதாததை உரிமையாளர் தருவார் என்ற நம்பிக்கையில்தான் அந்தச் சம்பள ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு ஆட்டக்காரரைக் கட்டுகிறது, கிளப்பையும் கட்டுகிறது. உரிமையாளரை எதுவும் கட்டுவதில்லை. ஒரு கிளப்பின் நிலையைப் படிக்க உட்காருபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்: எழுத்தில் இருக்கும் கடமைகள் எவ்வளவு, வாய்ச்சொல்லில் இருக்கும் வரவு எவ்வளவு. 2008-ன் நிதி நெருக்கடி வந்ததும் போர்ட்ஸ்மத்தின் வாய்ச்சொல் வரவு நின்றது. அணியின் லாசனா டியாரா ரியல் மாட்ரிட்டுக்குப் போனார், டிஃபோ டாட்டன்ஹாமுக்கு, கிளென் ஜான்சன் லிவர்பூலுக்கு, கிரவுச் மறுபடியும் டாட்டன்ஹாமுக்கு. இவ்வளவு விற்றும் கடன் தீரவில்லை.

2009-10 சீசனில் மட்டும் கிளப் நான்கு உரிமையாளர்களைப் பார்த்தது. கைதமாக்கிடமிருந்து சுலைமான் அல் ஃபஹீமிடம் போய், சில வாரங்களில் பெரும்பங்கு அலி அல் ஃபராஜிடம் மாறி, பிப்ரவரியில் கடன் கொடுத்திருந்த பல்ராம் செயின்ராயிடம் வந்து நின்றது. இடையில் சம்பளம் பலமுறை தாமதமானது. புது ஆட்டக்காரர்களைச் சேர்க்க லீக் தடை விதித்தது. மற்ற கிளப்புகளுக்குத் தரவேண்டிய தவணைகளை, போர்ட்ஸ்மத்துக்குச் சேரவேண்டிய தொலைக்காட்சிப் பணத்திலிருந்தே பிரீமியர் லீக் நேராகக் கொடுத்தது. வரித் துறை கிளப்பைக் கலைக்கும்படி நீதிமன்றத்தில் மனுப் போட்டது. 2010 பிப்ரவரி 26 அன்று போர்ட்ஸ்மத் நொடிப்பு நிர்வாகத்தின் கீழ் வந்தது. பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே அந்த நிலைக்கு வந்த முதல் கிளப் அது. ஒன்பது புள்ளிகள் பறிக்கப்பட்டன, ஏற்கெனவே அட்டவணையில் கடைசி இடம்.

நொடிப்பு நிர்வாகி என்பவர் நொடிப்பு வழக்குகளைக் கையாள உரிமம் பெற்ற தொழிலர். அவர் பொறுப்பேற்றதும் கடன்காரர்களின் வழக்குகள் நிறுத்தி வைக்கப்படும், கிளப்பின் முழுக் கட்டுப்பாடும் அவரிடம் போகும். செலவைக் குறைப்பது முதல் வேலை. ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் அவரால் எளிதில் கைவைக்க முடியாது. அதனால் வெட்டு அலுவலகத்தின் மேல் விழும். மார்ச் மாதத்தில் 85 பேர் போர்ட்ஸ்மத்தில் வேலை இழந்தார்கள். ஒரு முன்கள வீரரின் சில வாரச் சம்பளத்துக்கு ஈடாகாத ஆண்டுச் சம்பளத்தில் இருந்தவர்கள் அவர்களில் பலர். இந்தத் தொழிலில் மனம் ஆறாத இடம் இது.

அடுத்து நிர்வாகி கடன் கொடுத்தோர் பட்டியலைத் தயாரிப்பார். ஒரு கிளப் ஊரோடு எப்படிப் பின்னியிருக்கிறது என்று அறிய அந்தப் பட்டியலைவிட நல்ல ஆவணம் இல்லை. போர்ட்ஸ்மத்தின் மொத்தக் கடன் ஏறக்குறைய 12 கோடி பவுண்ட். முன்னாள் உரிமையாளர்கள், வேறு நாட்டுக் கிளப்புகள், ஏஜெண்டுகள், வரித் துறை என்று கோடிகளில் போகும் வரிகளுக்கு நடுவே, சில ஆயிரமும் சில நூறும் மட்டும் எழுதிய வரிகள் வரும். உள்ளூர்க் கடைகளும் சேவை நிறுவனங்களும் அந்த வரிகளில் இருக்கும். ஆட்டநாளில் முதலுதவிப் பையோடு அரங்க ஓரத்தில் நிற்கும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்கு வரவேண்டியது மூவாயிரம் பவுண்டுக்கும் குறைவு. கோடி பாக்கி வைத்த கிளப் அந்தச் சில ஆயிரத்தையும் கொடுக்காமல் வைத்திருந்தது என்பதைப் படித்த ரசிகர்கள் வெட்கப்பட்டார்கள். அந்த வெட்கம் எந்த உரிமையாளரின் கடிதத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பட்டியலில் எல்லோரும் சமம் இல்லை. கால்பந்துக் கடன் கொடுத்தோர் விதி என்று ஒன்று உண்டு. ஆட்டக்காரர்களுக்கும் பிற கிளப்புகளுக்கும் உள்ள பாக்கி முழுவதையும் தீர்க்காத கிளப் லீக்கில் தொடர முடியாது. மற்றவர்கள் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். போர்ட்ஸ்மத்துக்குக் கடன் கொடுத்த சாதாரணர்களுக்கு ஒரு பவுண்டுக்கு 20 பென்ஸ், அதுவும் ஐந்தாண்டுத் தவணையில் என்று ஒப்பந்தம் முன்வைக்கப்பட்டது. ஒரு கிளப் இன்னொன்றுக்குப் பணம் தராவிட்டால் சங்கிலியாகப் பல கிளப்புகள் விழும், போட்டியின் நம்பகத்தன்மையே போய்விடும் என்பது லீக்கின் வாதம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் கோல் போட்டவருக்கு முழுப்பணம், அவருக்கு அடிபட்டபோது ஓடிவந்த முதலுதவிக்காரருக்கு மிச்சம் என்ற வரிசையை எந்தக் கணக்காளரும் மனநிறைவோடு எழுத முடியாது. வரித் துறை இந்த விதியை எதிர்த்து நீதிமன்றம் போய் 2012-ல் தோற்றது. விதி சட்டவிரோதம் அல்ல என்று சொன்ன நீதிபதி, அதைத் தான் ஆதரிப்பதாகக் கொள்ளக்கூடாது என்றும் சொன்னார்.

20 பென்ஸ் ஒப்பந்தம் நிறைவேற, வாக்களிக்கும் கடன்தொகையில் 75 சதவீதம் ஆதரவு வேண்டும். வரித் துறை தனக்கு 3.7 கோடி பவுண்ட் வரவேண்டும் என்றது. நிர்வாகி 2.4 கோடிதான் என்று ஏற்றார். முதல் எண்ணை ஏற்றிருந்தால் வரித் துறை ஒன்றே ஒப்பந்தத்தைத் தடுத்திருக்கும். இரண்டாவது எண்ணால் தடுக்க முடியவில்லை. வழக்குப் போட்டும் பலன் இல்லை. அரசுக்கு இருந்த முன்னுரிமை 2003-ல் நீக்கப்பட்டிருந்ததால்தான் வரித் துறை அன்று கடைக்காரரோடு ஒரே வரிசையில் நின்றது. 2020 டிசம்பரில் அந்த முன்னுரிமையில் ஒரு பகுதி திரும்ப வந்தது. நொடிந்த நிறுவனத்துக்குச் சிறு கடன் கொடுத்தோர் இப்போது இன்னும் ஓரடி பின்னே நிற்கிறார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த அணி 2010 மே 15 அன்று மீண்டும் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரே செல்சி. போர்ட்ஸ்மத்தின் போவாடெங் அடித்த பெனால்டியைச் செல்சி கோல்காப்பாளர் செக் தடுத்தார், 1-0 என்று ஆட்டம் போனது. கிளப் அதற்குள் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிவிட்டது. கணக்கு ஒழுங்கில் இல்லாததால் ஐரோப்பியப் போட்டிக்கான உரிமமும் கிடைக்கவில்லை.

இரண்டாவது சரிவு வேகமாக வந்தது. 2011-ல் விளாடிமிர் அன்டோனோவின் நிறுவனம் கிளப்பை வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் லித்துவேனியாவில் அவருக்குச் சொந்தமான ஸ்னோராஸ் வங்கியை அந்த நாட்டு அரசு கையகப்படுத்தியது. தாய் நிறுவனம் நொடிந்தது. 2012 பிப்ரவரியில் போர்ட்ஸ்மத் மறுபடியும் நொடிப்பு நிர்வாகத்தில். பத்துப் புள்ளி பறிப்பு, அடுத்த அடுக்குக்கு இறக்கம். அந்தக் கோடையில் நிர்வாகி டிரெவர் பர்ச் மூத்த ஆட்டக்காரர்கள் அனைவரும் போனாலொழிய கிளப்பை மூடவேண்டியதுதான் என்று அறிவித்தார். ஒப்பந்தப்படி வரவேண்டியதில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து ஒவ்வொருவராகப் போனார்கள். ஆகஸ்டில் பிளிமத்தில் நடந்த லீக் கோப்பை ஆட்டத்துக்கு இளைஞர் அணியைத்தான் அனுப்ப முடிந்தது, 3-0 என்று தோற்றார்கள். சில நாள் கழித்து லீக் ஆட்டத்தில் இறங்கியவர்களில் பலர் அந்த வாரம்தான் கையெழுத்துப் போட்டவர்கள்.

ரசிகர்களின் கவலை செயலாக மாறியது இந்த இடத்தில். போர்ட்ஸ்மத் ரசிகர் அறக்கட்டளை, ஆளுக்கு ஒரு பங்கு 1,000 பவுண்ட் என்று அறிவித்தது. துறைமுக ஊரில் ஆயிரம் பவுண்ட் சிறிய தொகை அல்ல. சிலர் கூட்டுச் சேர்ந்து ஒரு பங்கு எடுத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள், வசதியுள்ள சில ரசிகர்கள் பெரிய தொகை போட்டார்கள், நகர மன்றம் 14.5 லட்சம் பவுண்ட் கடன் தந்தது. எல்லாம் இருந்தும் ஃபிராட்டன் பார்க் கைக்கு வரவில்லை. அரங்கத்தின் மேல் அடமானம் செயின்ராயின் நிறுவனத்திடம் இருந்தது. அதன் விலை என்ன என்பதில் மாதக்கணக்கில் இழுபறி. 2013 ஏப்ரல் 10 அன்று லண்டன் உயர்நீதிமன்றத்தில் விசாரணை நடக்கவேண்டிய நாளில், வழக்கறிஞர்கள் வெளியே பேசிப் பேசி 30 லட்சம் பவுண்டுக்கு உடன்பட்டார்கள். ஒன்பது நாள் கழித்துக் கிளப் ரசிகர்களுடையதானது. இங்கிலாந்தில் அதற்குமுன் அவ்வளவு பெரிய கிளப் எதையும் ரசிகர்கள் வாங்கியதில்லை.

அந்த மாதமே அணி நான்காம் அடுக்குக்கு இறங்கியது. ஆனால் கோடையில் பத்தாயிரத்துக்கு மேல் சீசன் டிக்கெட் விற்றது. அந்த அடுக்கில் அது யாரும் கண்டிராத எண்ணிக்கை. கணக்கறையின் ஒழுங்கும் மாறியது. வரவுக்குள் சம்பளம், வரி அந்தந்த மாதமே, பழைய ஆட்டக்காரர்களின் பாக்கிக்குத் தவணை. 2014 செப்டம்பர் கடைசியில் பழைய கடன் முழுதும் தீர்ந்ததாகக் கிளப் அறிவித்தது. 2017 மே மாதம், சீசனின் கடைசி நாளில் அணி நான்காம் அடுக்கின் சாம்பியன் ஆனது.

அதே கோடையில் பங்குதாரர்கள் கிளப்பை அமெரிக்கத் தொழிலதிபர் மைக்கேல் ஐஸ்னரின் டார்னான்டே நிறுவனத்துக்கு 56.7 லட்சம் பவுண்டுக்கு விற்க வாக்களித்தார்கள். இவ்வளவு பாடுபட்டு வாங்கியதை ஏன் விற்றார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். நூறாண்டு தாண்டிய அரங்கம் அது. அதன் பாதுகாப்புப் பணிகளுக்கே பல ஆண்டு லாபம் போய்விடும், ஆட்டத்துக்குப் பணம் மிஞ்சாது. கூட்டங்களில் இந்தக் கணக்கு ஒளிவில்லாமல் முன்வைக்கப்பட்டது. எதிர்த்தவர்களும் அதை மறுக்கவில்லை. பழைய உரிமையாளர்களின் கதையைத்தான் நினைவூட்டினார்கள். வாங்க வந்தவரை மேடையில் நிறுத்திக் கேள்வி கேட்டு, புத்தகத்தைத் திறந்து பார்த்து, அதன்பிறகு வாக்குப் போட்டு விற்றார்கள். முந்தைய கைமாற்றங்களில் ஒன்றில்கூட ரசிகரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. 2024-ல் அணி மூன்றாம் அடுக்கை வென்று இரண்டாம் அடுக்குக்கு ஏறியது.

பரி கிளப்புக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள அந்தச் சிறு நகரத்தின் கிளப் 1885-ல் தொடங்கியது, இருமுறை எஃப்.ஏ. கோப்பை வென்றது. 1903 இறுதியாட்டத்தில் டெர்பி கவுண்டியை 6-0 என்று வென்றது நூறாண்டுக்கும் மேல் சாதனையாக நின்றது. 2018 டிசம்பரில் கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. ஒரு பவுண்ட் விலை என்றால் வாங்குபவர் கடனை வாங்குகிறார் என்று பொருள். கடனைத் தீர்க்க அவரிடம் பணம் இருக்கிறதா என்பதை விற்பனை முடிவதற்கு முன்பே உறுதியாகப் பார்த்திருக்க வேண்டும். 2019 வசந்தத்தில், சம்பளமே ஒழுங்காக வராத ஆட்டக்காரர்கள் அணியை மேல் அடுக்குக்கு ஏற்றினார்கள். ஆகஸ்டில் லீக் ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. வாங்க ஒரு நிறுவனம் வருகிறது என்ற செய்தி கேட்டு நூற்றுக்கணக்கான ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாகக் கிக் லேன் அரங்கத்துக்கு வந்து இருக்கைகளைக் கழுவினார்கள். ஆகஸ்ட் 27 அன்று அந்த நிறுவனம் பின்வாங்கியது, அன்றிரவே லீக் பரியை நீக்கியது. கழுவிய இருக்கைகளில் யாரும் உட்காரவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 2023-ல், ரசிகர் அமைப்புகள் ஒன்றிணைந்து ஒன்பதாம் அடுக்கின் அணியாகக் கிக் லேனுக்குத் திரும்பி வந்தன.

பரியின் நீக்கமும் அடுத்து வந்த கொரோனா காலமும் அரசை அசைத்தன. நாடாளுமன்ற உறுப்பினர் டிரேசி கிரவுச் தலைமையிலான ஆய்வு 2021 நவம்பரில் தன் பரிந்துரைகளைத் தந்தது. அவற்றை ஒட்டி வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறி, தனி ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றை உண்டாக்கியது. மேல் ஐந்து அடுக்குகளின் கிளப்புகளுக்கு இனி உரிமம் தேவை, உரிமத்துக்கு நிதித் திட்டம் காட்ட வேண்டும். புது உரிமையாளரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று அந்த அமைப்பு கேட்கும். முக்கிய முடிவுகளில் ரசிகர்களைக் கலந்துபேச வேண்டும். சின்னத்தையோ உள்ளூர்ச் சட்டையின் நிறத்தையோ ரசிகர் சம்மதமின்றி மாற்ற முடியாது. அரங்கத்தை விற்கவும், கடனுக்கு ஈடாக அடமானம் வைக்கவும் அமைப்பின் முன்அனுமதி வேண்டும். ஃபிராட்டன் பார்க்குக்காக நீதிமன்ற வாசல்வரை போனவர்கள் அந்தக் கடைசிப் பிரிவுக்காகப் பத்தாண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள்.